வருந்துகிறேன், தண்ணீர் வராது

குடியிருப்போர் சங்கச் செயலாளரின் கட்டைவிரல் போன் திரைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. ஒரே ஒரு அழுத்து. அழுத்தினால் அவருடைய நாவலின் ஏழாவது அத்தியாயம் இணையத்தில் ஏறிவிடும். இரவு மணி எட்டாகட்டும் என்று காத்திருந்தார்.

எட்டு ஆயிற்று. வாசல் மணி அடித்தது.

"உங்களுக்குத்தான் இருக்கும்" என்றாள் மனைவி, இருந்த இடத்தைவிட்டு அசையாமல்.

கதவைத் திறந்தால் மூன்றாவது மாடி பல் டாக்டர் அம்மாள் நின்றிருந்தார். கையில் காலி வாளி. தண்ணீர் வரவில்லை என்று சொல்ல வாளி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அவர் எதையும் ஆதாரத்தோடு பேசுகிறவர்.

"தண்ணி வரல சார்."

"அஞ்சு நிமிஷம் பொறுத்துக்குங்க மேடம். கொஞ்சம் முக்கியமான வேலையா இருக்கேன்."

"நான் பொறுத்துப்பேன். எங்க வீட்டுக்காரர் குளிச்சுக்கிட்டு இருக்கார்."

"எந்தக் கட்டத்துல இருக்கார்?"

"சோப்பு."

செயலாளர் ஏழாவது அத்தியாயத்தை அப்படியே விட்டுவிட்டுக் குடியிருப்போர் குழுவைத் திறந்தார்.

நாற்பது வீடுகள் கொண்ட அந்தக் கட்டடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. எது கெட்டுப்போனாலும் முதலில் செயலாளர் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்புப் போட வேண்டும். அதன் பிறகுதான் பழுது பார்க்கிறவர் ஸ்பேனரைத் தொடுவார். எப்போதோ சொல்லாமல் கொள்ளாமல் குழாயைக் கழற்றப் போய் நான்கு வீட்டுச் சமையலறை நீச்சல்குளமான நாளில் பிறந்த சட்டம் அது. குழுவில் செயலாளர் ஒருவர்தான் எழுத முடியும். மற்றவர்களுக்கு வாய் கிடையாது. கட்டைவிரல் போடலாம், இதயம் போடலாம், அத்தோடு சரி.

எரிச்சலில் செயலாளரின் விரல்கள் பறந்தன.

"குடியிருப்போர் கவனத்துக்கு. தண்ணீரை வீடுகளுக்குத் தள்ளுகிற மோட்டார் மறுபடியும் கோபித்துக்கொண்டுவிட்டது. காரணம் சொல்ல மறுக்கிறது. காலையில்கூட நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தது. தலையில் சோப்பு நுரையோடு இருப்பவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கவும். நுரை தானாக அடங்கிவிடும், நான் பார்த்திருக்கிறேன். நுரையோடு வந்து என் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டாம். போன மாதம் அப்படித் தட்டியவரின் கால்தடம் இன்னும் எங்கள் கூடத்தில் இருக்கிறது. அவர் யார் என்று சொல்வது நாகரிகமாக இருக்காது. இரண்டாவது மாடி. வருந்துகிறேன், செயலாளர்."

போட்டு முடித்து மூச்சு விடுவதற்குள் குழாயில் சளசளவென்று தண்ணீர் வந்துவிட்டது. எப்போதும் அப்படித்தான். அறிவிப்புப் போனால் போதும், மோட்டார்க்காரர் எதையோ தட்டிக் கொட்டிச் சரிசெய்துவிடுவார். பதவிக்கு வந்த இந்த இரண்டு வருடத்தில் செயலாளர் மோட்டார் அறையை எட்டிப்பார்க்கவேண்டிய அவசியமே வந்ததில்லை. கெட்டிக்கார மனிதர் என்று நினைத்துக்கொண்டு நாவலுக்குத் திரும்பினார்.

ஏழாவது அத்தியாயம் தாமதமாக ஏறியது. படுக்கப்போகும்போது மூன்று விருப்பக்குறிகள் விழுந்திருந்தன. ஒன்று மனைவியுடையது, அவர் கேட்டு வாங்கியது. இன்னொன்று அவருடையதே, கை தவறிப் பட்டது. மூன்றாவது, நாற்காலி விற்கிற ஒரு கம்பெனி.

செயலாளர் பதவி அவருக்குப் பிழைப்பு இல்லை, தலைவலி. பிழைப்பு ஒரு மருந்துக் கம்பெனியில். மாத்திரைப் பெட்டிக்குள் பல மடிப்பாக மடித்து ஒரு மெல்லிய தாள் வைத்திருப்பார்களே, அதை எழுதுவது அவர்தான். யார் சாப்பிடலாம், யார் சாப்பிடக் கூடாது, சாப்பிட்டால் என்ன ஆகும், சாப்பிடாவிட்டால் என்ன ஆகும். அந்த வகையில் பார்த்தால் அவரைப்போல் லட்சக்கணக்கில் அச்சேறிய எழுத்தாளர் வேறு யாரும் இருக்க முடியாது. அவரைப்போல் படிக்கப்படாதவரும் இருக்க முடியாது. பெட்டியைப் பிரித்ததும் மனிதர்கள் முதலில் கசக்கி எறிவது அவருடைய படைப்பைத்தான். அவர் வீட்டிலேயே, அவர் கண்ணெதிரிலேயே, மனைவி அப்படித்தான் செய்தாள்.

அதனால்தான் நாவல். 'உறைந்த சாம்பலின் நிழல்' என்று பெயர். "இருத்தலின் விளிம்பில் அவன் நின்றான், விளிம்பும் நின்றது" என்று ஆரம்பிக்கும். ஆரம்பித்த பிறகும் அவன் நீண்ட நேரம் அங்கேயேதான் நிற்பான். முன்பின் தெரியாத ஒரே ஒரு ஆளாவது தன் எழுத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு "அப்புறம்?" என்று கேட்க வேண்டும். செயலாளருக்கு வாழ்க்கையில் மிச்சமிருந்த ஆசை அவ்வளவுதான்.

மனைவிக்குத்தான் முதலில் படிக்கக் கொடுத்தார். அவள் ஒரு கணக்குத் தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள், எதையும் ஒழுங்கு பிசகாமல் செய்கிறவள். பாத்திரம் கழுவுவதற்குக்கூட வீட்டில் முறை வைத்திருந்தாள். ஒருநாள் அவர், ஒருநாள் அவள். தன் முறையை அவள் ஒருநாளும் தவறவிட்டதில்லை. நாவலையும் அதே கடமையுணர்ச்சியோடு கையில் எடுத்தாள். இரண்டாம் பக்கத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.

"அசதி" என்றாள் விழித்ததும்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்ல எழுத்து. கொட்டை கொட்டையா, கண்ணுக்கு உறுத்தாம இருந்துச்சு."

பதிப்பாளர் அந்த அளவுக்குக்கூடச் சுற்றி வளைக்கவில்லை. "சார், நாவல் எப்படி இருக்குங்கறது ரெண்டாவது. உங்களை எத்தனை பேர் பின்தொடர்றாங்க?" என்று கேட்டார்.

"நாப்பத்தி மூணு."

"ஆயிரம்?"

"வெறும் நாப்பத்தி மூணு."

"ஆயிரம் பேரைக் காட்டுங்க, போடறேன். இந்தப் புத்தகக் கண்காட்சிப் பருவத்துக்குள்ள காட்டினீங்கன்னா அட்டைப்படமும் நல்லதாப் போடறேன்."

செயலாளர் உடனே ஓர் இணைய வகுப்பில் சேர்ந்தார். தாடைவரை ஒலிவாங்கி நீட்டிய ஒரு பயிற்சியாளர் அதில் மூன்று உபாயங்கள் சொல்லிக்கொடுத்தார். ஒன்று, விடாமல் போடு. இரண்டு, வாசகனுடைய வாழ்க்கையைத் தொடு. மூன்று, முடிக்கும்போது அவனைக் காக்க வை. "லைக் போடறவன் வாசகன் இல்லைங்க. அடுத்தது எப்போ வரும்னு காத்துக்கிட்டு இருக்கறவன்தான் வாசகன்" என்றார் அவர். செயலாளர் அதை அப்படியே எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். மனைவி அதைப் படித்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு பாலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

விடாமல் போடத்தான் அவரும் பார்த்தார். கட்டடம் விட்டால்தானே.

அடுத்த நாள் எட்டு மணிக்கு லிஃப்ட் நின்றது. சங்கத் தலைவர் நேரில் வந்து சொன்னார். அவர் வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர், ஐந்தாவது மாடிக்காரர். மூச்சு வாங்கக்கூட இல்லை. படியேறிப் போகிறவருக்குத்தான் மூச்சு வாங்கும், இவர் இறங்கித்தானே வந்தார் என்று செயலாளர் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

"நோட்டீஸ் போட்டுடுங்க சார். விவரமா."

"லிஃப்ட் நின்னுபோச்சு. இதுல என்ன விவரம் சார்?"

"எங்க நின்னுச்சு, எப்படி நிக்குது, அதெல்லாம் ஜனங்களுக்குத் தெரியணும் இல்லையா?"

செயலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார்.

"லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே யாரும் இல்லை. ஆனால் விளக்கு எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது. நாம் எல்லோரும் வியர்க்க வியர்க்கப் படியேறும்போது அது மட்டும் தனியாகக் காற்று வாங்கிக்கொண்டிருக்கிறது. ஐந்தாவது மாடிக்காரர்கள் இன்று ஒருநாள் ஞாபகசக்தியைப் பயன்படுத்தவும். பால் வாங்க இறங்கிப் போய் எல்லாவற்றையும் வாங்கிவிட்டுப் பாலை மட்டும் விட்டுவிட்டு வருகிற வசதி இன்று கிடையாது. வருந்துகிறேன், செயலாளர்."

குழுவில் இதயங்கள் வந்து குவிந்தன. அவர் அதைப் பார்க்கவில்லை. எட்டாவது அத்தியாயத்தைத் தாமதமாக ஏற்றிவிட்டு, நாற்காலிக் கம்பெனியாவது வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டு மணிதான் ராசியில்லை என்று பட்டது. காலை ஆறுக்கு மாற்றினார். மறுநாள் காலை ஆறுக்கு மோட்டார் நின்றது. மதிய உணவு இடைவேளைக்கு மாற்றினார். மதியம் அலுவலகத்துக்கே பல் டாக்டர் போன் செய்தார், ஒரு நோயாளியின் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு.

"படியில ஒத்தைச் செருப்பு ஒண்ணு கெடக்கு சார்."

"அதை எடுத்து ஓரமா வைங்க மேடம்."

"யாரோடதுன்னு தெரியாம எப்படித் தொடறது? நீங்க ஒரு நோட்டீஸ் போடுங்க."

பின்னணியில் வாய் மூடாமலே யாரோ "ஆஆ" என்று ஆமோதித்தார்கள். டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்ன அடையாளங்களை வைத்துச் செயலாளர் எழுதினார்.

"இரண்டாவது மாடிப் படியில் இடதுகால் செருப்பு ஒன்று நிற்கிறது. நீல வார். குதிகால் ஒருபக்கம் தேய்ந்திருக்கிறது, அதனால் உரியவர் சற்றுச் சாய்ந்து நடக்கிறவர் என்று தெரிகிறது. ஒற்றைக் காலோடு யாராவது இரண்டாவது மாடியைக் கடந்துபோனதை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மறந்திருக்க மாட்டார்கள். உரியவர் வலதுகால் செருப்போடு வந்து பொருத்திக்காட்டிப் பெற்றுக்கொள்ளலாம். வருந்துகிறேன், செயலாளர்."

மறுநாள் செருப்பு மூன்றாவது மாடிப் படியில் இருந்தது. "செருப்பு ஒரு மாடி ஏறியிருக்கிறது. லிஃப்ட்டை நம்பவில்லை போலும்" என்று போட வேண்டியதாயிற்று. அதற்கு மறுநாள் நான்காவது மாடி. செயலாளருக்கு நாவலின் நாயகன் எங்கே நின்றுகொண்டிருக்கிறான் என்பதே மறந்துபோயிற்று. விளிம்பில்தான் என்று திரும்பப் படித்துத் தெரிந்துகொண்டார்.

"இந்தக் கட்டடத்துக்கு என் மேல ஏதோ கோவம்" என்றார் மனைவியிடம்.

"கட்டடத்துக்குக் கோவமா?" போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை. தோள்கள் மட்டும் லேசாகக் குலுங்கின.

"என்ன பாக்கற?"

"ஒண்ணுமில்லை. ஏதோ வீடியோ."

அறிவிப்புக்குத்தானே நேரம் போகிறது, சுருக்கிவிட்டால் என்ன என்று அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. அடுத்த முறை மோட்டார் நின்றதும் நான்கே சொல்லில் முடித்தார். "தண்ணீர் இல்லை. பிறகு வரும்."

அவ்வளவுதான், போன் விடாமல் அடித்தது. "உடம்பு சரியில்லையா சார்?" என்று நான்காவது மாடி கேட்டது. "வீட்ல ஏதாவது பிரச்சனையா? எங்ககிட்ட சொல்லக் கூடாதா?" என்று முதல் மாடி கேட்டது. தலைவர் நேரிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்.

"அறிவிப்பு போதுமான விளக்கத்தோடு இருக்கணும்னு சங்க விதியில இருக்கு சார்."

"எந்த விதியில?"

"இனிமே இருக்கும்."

அன்றைக்கு மோட்டாரும் லேசில் மசியவில்லை. ஒரு முழுநீள அறிவிப்பை எழுதிப் போட்ட பிறகுதான் தண்ணீர் வந்தது.

வழிக்கு வராத கட்டடத்தை வைத்தே வழி பண்ணிக்கொள்ளலாம் என்று பிறகு நினைத்தார். அறிவிப்பின் கடைசியில் ஒரு வரி சேர்த்தார். "செயலாளர் ஒரு நாவலும் எழுதிவருகிறார். கீழே உள்ள சுட்டியைத் தொட்டுப் பின்தொடரவும்." ஒரே மாலையில் நாற்பத்து மூன்று தொண்ணூறானது. செயலாளர் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். வந்தவர்கள் போன கையோடு நாவலைப் படித்துப் பார்த்திருக்க வேண்டும். விடிந்து பார்த்தபோது நாற்பதுதான் இருந்தது. பழைய ஆட்களில் மூன்று பேரையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்த வாரக் கடைசியில்தான் அவர் குழுவின் உறுப்பினர் பட்டியலைத் தற்செயலாகப் பார்த்தார். திக்கென்றது. நாற்பது வீட்டுக் குழுவில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள்.

"பாதுகாப்பு என்ன ஆகறது?" என்று தலைவரைப் போனில் பிடித்தார். "யார் சார் இவங்கல்லாம்?"

"எல்லாம் தெரிஞ்சவங்கதான். என் சம்பந்தி குடும்பம் ஒரு பதினஞ்சு பேர் இருப்பாங்க."

"அவங்க வேற ஊர்ல இருக்காங்களே. நம்ம தண்ணி வந்தா அவங்களுக்கு என்ன, வராட்டி என்ன?"

"அக்கறைதான் சார்" என்றார் தலைவர், பிடி கொடுக்காமல்.

செயலாளர் விடுமுறை நாள் முழுக்க உட்கார்ந்து வெளியாட்களை ஒவ்வொருவராக நீக்கினார். காலி செய்துகொண்டு போய்ப் பல வருடங்களான பழைய குடித்தனக்காரர்கள், பல் டாக்டரிடம் பல் பிடுங்கிக்கொண்டவர்கள், பிடுங்கிக்கொள்ளப் போகிறவர்கள், தலைவரின் சம்பந்தி, சம்பந்திக்குச் சம்பந்தி. ஒருபக்கம் ஆயிரம் வாசகருக்கு ஆலாய்ப் பறந்துகொண்டு, இன்னொரு பக்கம் அந்த மனிதர் தன் கையாலேயே ஆட்களைக் கழித்துக்கட்டிக்கொண்டிருந்தார். அதை அவரிடம் எடுத்துச்சொல்ல அங்கே யாரும் இல்லை. மனைவி இரண்டுமுறை அறை வாசல்வரை வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனாள்.

மாலையில் தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. ஒரு பெண்மணி.

"சார், என்னைக் குழுவுலருந்து எடுத்துட்டீங்க."

"நீங்க எந்த வீடும்மா?"

"நான் அந்தக் கட்டடமே இல்லைங்க. டாக்டர்கிட்ட பல்லுக்கு வேர் வைத்தியம் பண்ணிக்கிட்டேன். எடுத்தது எடுத்ததாவே இருக்கட்டும் சார். அந்தச் செருப்பு நாலாவது மாடிக்குப் போச்சே, அப்புறம்?"

"அதெல்லாம் எங்க உள் விவகாரம்மா" என்று போனை வைத்தார் செயலாளர். மனைவியைப் பார்த்து, "ஊர்ல எவ்வளவு பேர் வேலைவெட்டி இல்லாம இருக்காங்க பார்" என்றார். மனைவி கையிலிருந்த போனைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கு நிஜமாவே ஒண்ணும் புரியலையா?"

"என்ன புரியணும்?"

"ஒண்ணுமில்லை. இன்னிக்குப் பாத்திரம் உங்க முறை."

பருவம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. இனி ஒரே வழி, பதவியைக் கைகழுவுவது. கார் நிறுத்துமிடத்தில் சங்கக் கூட்டம் கூட்டினார். வழக்கமாக ஆறு பேர் வருகிற கூட்டத்துக்கு அன்று உட்கார இடமில்லை. செயலாளர் எழுந்து நின்று ராஜினாமாக் கடிதத்தைப் படித்தார். குரல் தழுதழுத்தது. அதில் நடிப்பு ஒன்றும் இல்லை.

"இந்தப் பதவி என்னை மாற்றிவிட்டது. நான் எந்த வீட்டுக்குப் போனாலும் இப்போதெல்லாம் முதலில் அவர்கள் குழாயைத் திறந்து பார்க்கிறேன். போன மாதம் ஒரு கல்யாணத்தில் மணமக்களை வாழ்த்தப் போனவன், மண்டபத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு எதிரில் நீண்ட நேரம் நின்றிருக்கிறேன். பெண் வீட்டார் என்னை பிளம்பர் என்று நினைத்து, வேலை முடிந்ததும் பின்பக்கம் வந்து சாப்பிடச் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. ஏனென்றால் அதற்குள் உண்மையிலேயே ஒரு குழாயைச் சரிசெய்துவிட்டிருந்தேன்."

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பின்வரிசையில் ஒருவர் இருமல் வந்து எழுந்தே போய்விட்டார். "அந்தக் கடைசிப் பத்தியை இன்னொரு தடவை படிங்க சார்" என்றது ஒரு குரல். பல் டாக்டர் கண்களைத் துடைத்துக்கொண்டே, "இதைக் குழுவுல போட்டுடுங்க" என்றார்.

செயலாளருக்கு முகம் சிவந்துவிட்டது. மனம் விட்டு எழுதியது அது. இப்படிச் சிரிப்பார்கள் என்று அவர் நினைக்கவில்லை. ரொம்பவும் வலித்தது. கடிதத்தைத் தலைவர் கையில் திணித்துவிட்டுப் படியேறிப் போய்விட்டார். வேறு வழியில்லாமல் ராஜினாமாவை ஏற்றுக்கொண்டார்கள். பல் டாக்டர் புதிய செயலாளர் ஆனார்.

அதற்குப் பிறகு ஓர் அதிசயம் நடந்தது. கட்டடத்தில் எதுவுமே கெட்டுப்போகவில்லை. தண்ணீர் கொட்டோகொட்டென்று கொட்டியது. லிஃப்ட் எண்ணெய் போட்டதுபோல் ஏறி இறங்கியது. செருப்பு எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. புதிய செயலாளருக்கு அறிவிப்புப் போட ஒரு விஷயமும் கிடைக்கவில்லை. குழு ஓய்ந்து கிடந்தது.

"பாத்தியா, பல் டாக்டர் பொறுப்பெடுத்ததும் எல்லாம் ஒழுங்கா நடக்குது. எனக்கு நிர்வாகமும் வரல" என்றார் நம் பழைய செயலாளர்.

எட்டு மணிக்கு இப்போது வாசல் மணி அடிப்பதில்லை. அவர் நிம்மதியாக அத்தியாயங்களை ஏற்றினார். நாற்பது முப்பத்தொன்பதாயிற்று. நாற்காலிக் கம்பெனியும் போய்விட்டது. லிஃப்டில் எதிர்ப்படுகிறவர்கள் முகத்தில் சுரத்தில்லை. "எப்படி சார் இருக்கீங்க?" என்று ஏதோ துக்கம் விசாரிப்பதுபோல் கேட்டார்கள். தன் நாவலைப் படித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பதிப்பாளர் போன் செய்தார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். இந்தப் பருவம் முடிஞ்சுபோச்சு. அடுத்த வருஷம் பாப்போம்." நல்ல மனிதர், குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

செயலாளர் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

"என்ன சொன்னார்?" என்றாள் மனைவி.

"என்ன சொல்வார். இருபது வருஷமா எழுதறேன். மாத்திரைக்கு எழுதினேன், எவனும் படிக்கல. நாவல் எழுதினேன், நீயே படிக்கல. என்னோட எழுத்தை யாருமே படிக்க மாட்டாங்க. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. விடு."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் முறை இல்லாத அன்றைக்குப் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்குக் கண் கலங்கிவிட்டது. போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் கையில் ஒரு தட்டு முழுக்க நுரை இருக்கும்போது குழாய் இருமிவிட்டு நின்றது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு. வாசல் மணி அடித்தது. புதிய செயலாளரேதான், கையில் வாளியோடு.

"தண்ணி வரல சார்."

"என்கிட்ட ஏன் மேடம் சொல்றீங்க? இப்ப நீங்கதானே செயலாளர்."

"நோட்டீஸ் போட்டாத்தானே மோட்டார்க்காரர் கை வைப்பார். எனக்குப் பல்லைப் பத்தின்னா எழுதுவேன். நீங்க ஒரே ஒரு நோட்டீஸ் போட்டுக் குடுங்களேன்."

"நான் இனிமே எதுவும் எழுதறதா இல்லை மேடம். நானே போய் என்னன்னு பாக்கறேன்."

பல் டாக்டருக்கு முகம் வெளுத்தது. "வேணாம் சார். நீங்க எதுக்குக் கீழ போறீங்க? அங்க வழுக்கும்" என்றார். பால்கனிக் கதவைத் திறந்துகொண்டு மனைவியும் ஓடி வந்தாள். "இருங்க, போகாதீங்க." அவர் யாரையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கையில் நுரையோடு படியிறங்கினார். அன்று வழி நெடுக ஒவ்வொரு வீட்டுக் கதவும் ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே எல்லோரும் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வேறு வேலை இல்லாதவர்கள் என்று நினைத்துக்கொண்டே கடந்தார்.

மோட்டார் அறையில் விளக்கு எரிந்தது. உள்ளே வழுக்கவே இல்லை. துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. மோட்டார்க்காரர் ஸ்டூலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் நீல வார் வைத்த இடதுகால் செருப்பு ஒன்று பத்திரமாக நின்றது. செயலாளரைப் பார்த்ததும் அவர் பதறி எழுந்தார்.

"நீங்க ஏன் சார் இங்க வந்தீங்க? நீங்க வந்ததே இல்லையே."

"என்ன ரிப்பேர் அண்ணே?"

மோட்டார்க்காரர் மோட்டாரைப் பார்த்தார். செயலாளரைப் பார்த்தார். அவர் கையில் அடங்கிக்கொண்டிருந்த நுரையைப் பார்த்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர், பாவம்.

"மோட்டாருக்கு ஒண்ணும் இல்லைங்க சார், ரெண்டு வருஷமா ஒண்ணுமே ஆனதில்லை; ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்காரங்க முறை வச்சு அணைக்கச் சொல்லுவாங்க, இன்னிக்கு உங்க வீட்டு முறை, அம்மாதான் போன் பண்ணிச் சொன்னாங்க; நீங்க போய் நோட்டீஸை எழுதுங்க, மேல எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க, படிச்சு முடிச்சதும் நான் சுவிட்சைப் போட்டுடறேன்."